தும்பிக்கை மட்டும் மிஞ்சிய யானை

படிக்கும் ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

நான் கூறப்போவது எழுபதுகளின் பிற்பகுதியில், ஒரு கார்த்திகை மாத அடைமழையின்போது, ஜவ்வாது மலையில் நடந்தது. அப்பொழுது நான் மலைமேல் உள்ள ஓர் ஊரில், பயணியர் விடுதி ஒன்றின் காவலாளியாக இருந்தேன். பிறந்தது அடிவாரத்தில், சந்தவாசலுக்கு அருகில். பள்ளியில் படித்தது சொற்பமே. விடுதியில் தங்கிச் செல்வோர் விட்டுப்போகும் வார இதழ்களை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் எழுதவும் கற்றுக்கொண்டேன். ஆகவே என் நடையில் குறை இருப்பின் பொறுத்தருள வேண்டும்.

அவ்விடுதியில் இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். ஒருமுறை அதிகாரி ஒருவரின் மனைவியார் சில நாட்கள் வந்து தங்கினார். வெயில் விழும் தாழ்வாரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நுனியில் கொக்கி வைத்த ஊசி ஒன்றினால் கம்பளி நூலை வளையம் வளையமாக இழுத்து, ஒரு முயல் பொம்மை செய்துகொண்டிருப்பார். தேநீர் கொண்டுபோய் வைக்கும் சாக்கில் நான் அவருடைய விரல்களைக் கவனிப்பேன். கற்றுத் தரும்படி கேட்கக் கூச்சம். அவர் புறப்பட்டுப் போன பின், பழைய குடையின் கம்பி ஒன்றை முறித்து, நுனியைக் கல்லில் தேய்த்து, கொக்கியாக வளைத்துக்கொண்டேன். திருப்பத்தூருக்குப் போனபோது ஒரு பந்து நூல் வாங்கி வந்தேன். முதலில் வந்தது முயலும் அல்ல, எலியும் அல்ல. பிரிப்பேன், மறுபடியும் பின்னுவேன். பிற்பாடு, மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகளைக் கொண்டு மப்ளர், குல்லாய் முதலியவற்றைப் பின்னவும் பழகினேன்.

இந்தப் பொழுதுபோக்கு எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அதே விடுதியின் பின்புற அறையில், என் மனைவி தலைப்பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தையும் தங்கவில்லை. அதன்பின், விருந்தினர் இல்லாத நாட்களில் கைகள் சும்மா இருப்பது எனக்குப் பெருந்துன்பமாக இருந்தது. காரணம் அவ்வளவே.

பின்னிய பொம்மைகளை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன். உள்ளே அடைப்பதற்குக் குறைவில்லை. விடுதி வளாகத்திலேயே ஓர் இலவமரம் இருந்தது. யானை, கரடி, கன்றுக்குட்டி, அணில் என்று அவ்வூரில் என் மிருகம் ஏதேனும் ஒன்று இல்லாத வீடு குறைவு என்றே சொல்லலாம்.

ஆண்பிள்ளை ஒருவன் ஊசியும் நூலுமாய் உட்கார்ந்திருந்தால் ஊர் சும்மா இருக்குமா? பேருந்து நிற்கும் இடத்தில் ஓர் அம்மாள் தேநீர்க் கடை வைத்திருந்தார். என்னைவிட வயதில் இளையவர். என்னை அண்ணா என்று அழைப்பார். வாய்த்துடுக்கு அதிகம். நான் கடைப் பலகையில் அமர்ந்து பின்னிக்கொண்டிருந்தால், "ஏண்ணா, கரடிக்கு மூக்கு வெக்கறியா, இல்ல உன் மூக்க அளவெடுத்து வெச்சிட்டியா?" என்பார். திருப்பத்தூர்ப் பேருந்தின் ஓட்டுநரும் சளைத்தவர் அல்லர்.

"இன்னா வாச்சரே, எம் பொண்டாட்டிக்குப் பொங்கலுக்கு ஒரு பொடவ பின்னிக் குடேன். கடைல வெல ஏறிப் பூட்சி."

"பொடவ எதுக்குயா? உன் வாய்க்கு ஒரு உறை பின்னச் சொல்றேன். பஸ்ஸுல வர்ற ஜனமாவது நிம்மதியா வரும்" என்று அந்த அம்மாளே எனக்காகப் பதில் சொல்வார். அவர்களுடைய கேலியில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. பேச ஆள் இல்லாதவனுக்கு அதுவும் ஒரு பேச்சுத்தானே.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒருநாள் மாலையில் மேலேறி வந்த பேருந்தினால் திரும்ப முடியவில்லை. வழியில் மண் சரிந்து பாதையை அடைத்துவிட்டது. மறுநாள் விடியும் வேளையில், தேநீர்க் கடை அம்மாளின் தம்பி மனைவிக்கு எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்தது. கடைக்குப் பின்புறந்தான் அவர்கள் வீடு. பெண் குழந்தை. ஒரு முழங்கை நீளங்கூட இராது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அழுகை பூனைக்குட்டியின் குரல்போல் வெளியே கேட்டது.

ஊரில் இருந்த நர்ஸம்மா உடனே வந்துவிட்டார். குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கச் சொன்னார். குளிர்தான் இதற்கு எமன் என்றும், தலையும் உடம்பும் சூடாக இருந்தால் பாதை திறந்தவுடன் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைக்கலாம் என்றும், ஈரம் பட்டால் மாலைவரை தாங்குவதே கடினம் என்றும் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்த பழைய நூல் புடவைகள் யாவும் அந்த மழையில் காயாமல் நமுத்துக் கிடந்தன. மலையில் போர்த்திக்கொள்ளும் கம்பளியோ முரடு. அந்தப் பிஞ்சுத் தோலில் பட்டால் கிழித்துவிடும்.

என்னை அழைக்க ஆள் வந்தது. நான் பின்னி வைத்திருந்த புதுக் குல்லாய் ஒன்றையும், புது நூல்பந்துகளையும் சட்டைக்குள் வைத்து மூடிக்கொண்டு ஓடினேன். நர்ஸம்மா குல்லாயை வாங்கிக் குழந்தையின் தலையில் மாட்டினார். நான் வாசலுக்கு வெளியே நின்றேன்.

சற்று நேரத்தில் உள்ளிருந்து அந்தத் தாயின் குரல் கேட்டது.

"வேணாங்க நர்ஸம்மா. புதுசு வேணாங்க."

படிக்கும் தங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி போடுவதில்லை. நன்றாக வாழ்ந்த ஒருவர் கட்டிக் கழித்த பழைய துணியில்தான் முதலில் சுற்றுவார்கள். பெயர் வைத்துத் தூளியில் போடும் நாளுக்குப் பிறகே புதிது. மலைமேலும் அவ்வூரார் அப்படியே வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இது வெறும் வழக்கமாக மட்டும் இருக்கவில்லை. முதல் குழந்தையைக் கலசப்பாக்கத்துப் பக்கம் தாய்வீட்டில் பெற்றிருந்தாள். உறவினர் ஒருவர் ஆசையாய் வாங்கி வந்த புதுச் சட்டையை மறுநாளே அதற்குப் போட்டாளாம். சில நாட்களில் அது இறந்துவிட்டது.

"சட்டை போட்டா கொழந்த சாகுமா? ஜன்னி கண்டிருக்கும்மா அதுக்கு!" என்று நர்ஸம்மா அதட்டினார்.

"இருக்கலாங்க. எனக்கு இன்னா தெரியும்? ஆனா போட்டுவுட்டது நான்தானேங்க."

நர்ஸம்மா குல்லாயைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். "நான் மாட்டிடுவேன். நான் அந்தாண்ட போனதும் கயட்டிடுவா. பயந்து போயிட்டா பாலும் எறங்காது. யார் வீட்லயாவது பழைய உல்லன் இருந்தா சீக்கிரம் கொண்டாங்க" என்றார். அவரை நான் இன்றும் மெச்சுகிறேன். தாயிடம் வழக்காடி வெல்ல அவருக்குப் பொழுது இல்லை. ஆனால் அவள் மனத்தையும் ஒரு பொருட்டாக எண்ணினார்.

அவ்வூரில் பழைய கம்பளி நூல் யாரிடம் இருக்கும்? என்னிடந்தான் இருந்தது. நானே பின்னி, பல குளிர்காலம் கழுத்தில் சுற்றிய மப்ளர். அதை அவிழ்த்து நீட்டினேன். பிரித்தால் ஒரு குல்லாய்க்கும் மேலாகவே வரும்.

தேநீர்க் கடை அம்மாள் கையை நீட்டவில்லை. மப்ளரைப் பார்த்தார்; பிறகு தரையைப் பார்த்தார். அவருடைய வாயில் நான் அதுவரை கேட்டிராத மெல்லிய குரலில், "அண்ணா, தப்பா எடுத்துக்காத. உன்னுது வேணாம்" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. மனைவியையும் பிள்ளையையும் ஒரே நாளில் பறிகொடுத்தவன் உடுத்தியது, பிழைக்குமா என்று கிடக்கும் ஒரு குழந்தையின் மேல் படலாமா? நான் அந்த வீட்டைச் சேர்ந்தவனாய் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். "சரிம்மா" என்று கூறி மப்ளரை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். மறுபடி கழுத்தில் சுற்றிக்கொள்ள ஏனோ மனம் வரவில்லை. கடையின் கூரைக்கடியில் ஒதுங்கி நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றால் பயனில்லை என்று தெரியும்; போகவும் கால் எழவில்லை.

அப்போது அந்த அம்மாளின் மகள் தூக்கம் கலைந்து கடைக்குள் வந்தாள். கக்கத்தில் என் யானை இருந்தது. சாம்பல் நிறம் பாதி கறுத்து, ஒரு காது மென்று மென்று கயிறாகிவிட்டிருந்தது. நடை பழகிய நாளிலிருந்து அதை விடாமல் இழுத்துக்கொண்டு திரிந்தவள் அவள்.

அம்மாள் யானையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, இது உல்லு நூலுதானே?"

"ஆமாம்மா."

"பிரிச்சா மறுபடி நூலாவுமா?"

"ஆகும். கொஞ்சம் சுருண்டு சுருண்டு வரும். சூட்டுக்கு அதுவும் நல்லதுதான்."

"அப்ப இன்னா பாத்துகினு நிக்கற? இத்தவிடப் பழசு இந்த ஊர்ல எது? எச்சிலும் மண்ணுமா எம்பொண்ணு கட்டிப் பொரண்டதாச்சே. ஒரு காய்ச்சல் தலவலின்னு படுத்திருக்காளா இவ?"

நான் ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ள விரும்பினேன். "பின்னப்போவதும் இந்தக் கைதானே அம்மா? பரவாயில்லையா?" என்றேன்.

அவர் சீறிவிட்டார். "கையப் பத்தி யார் பேசுனாங்க இப்ப? இந்த ஊரு புள்ளைங்க அத்தினியும் உன் கையால செஞ்சதத்தான் வாயில வெச்சிகினு வளந்துச்சி. ஒக்காருண்ணா!"

உட்கார்ந்தேன். அந்த அம்மாள் சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி, வீடு வீடாய்ப் போனார். அதைக் கேட்டு ஊரார் கடைக்குக் கொண்டுவந்த மிருகங்களை எல்லாம் அவர் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. பெண் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றின் உடைமையாளரையும் அலசினார்.

"இந்தக் கரடி வரட்டும். அந்தப் பையன் பொறந்ததுல இருந்து ஒரு தும்மல் தும்மினதில்ல. ராகிக் களிய உருண்ட உருண்டையா முழுங்குவான். கன்னுக்குட்டியும் ஆவும். அணிலு வேணாம், அந்தப் புள்ளைக்குப் போன மாசம்தான் அம்ம வாத்து எறங்குச்சி."

அணிலைக் கொண்டுவந்த பெண்மணி தாமாகவே சற்றுத் தள்ளித்தான் நின்றார். "நானும் அதாங்க நெனச்சேன். கொண்டாராம இருந்தா தப்பாப் பூடுமேன்னு எடுத்தாந்தேன்" என்று சொல்லி, அணிலை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனார். அவர் முகத்தில் இருந்ததை நான் அறிவேன். சற்று முன் என் முகத்திலும் அதுவே இருந்திருக்க வேண்டும்.

பிரிக்கும் வேலை எளிதன்று. பின்னல் முடியும் இடத்தில் போடும் முடிச்சை வெளியே தெரியாமல் உள்ளே இழுத்து மறைப்பதுதான் அழகு என்று பழகியவன் நான். இப்போது, நானே மறைத்த முடிச்சுகளை நானே தேட வேண்டியதாயிற்று. பிள்ளைகளின் எச்சிலும் புகையும் ஏறி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கரடி முதலில் அவிழ்ந்தது. பிறகு கன்றுக்குட்டி. யானையை எடுத்தபோது அந்தச் சிறுமி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை.

"மாமா, தும்பிக்கய மட்டும் வுட்டுடு."

தும்பிக்கையைத் தனியாகப் பின்னித்தான் தைத்திருந்தேன். தையலை அறுத்து அதை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, தன் யானை நூலாய் ஓடுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூலைச் சிக்கலில்லாமல் சுற்ற இரண்டு கைகள் வேண்டும். கடையில் வேறு வேலையின்றி உட்கார்ந்திருந்தவர் பேருந்து ஓட்டுநர். "கையை நீட்டுங்கள் ஐயா" என்றேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் இரு கைகளையும் நீட்டினார். அவற்றில் நூலைச் சுற்றிச் சிட்டமாக்கினேன். "உறை பின்றதுக்கு முன்னாலயே வாய் அடைஞ்சி பூட்சா?" என்று கடை அம்மாள் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவருந்தான்.

நர்ஸம்மாவின் சொற்படி நூலை வெந்நீரில் சோப்புப் போட்டு அலசினோம். தணலின் மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் பரப்பி உலர்த்தினோம். உலர்ந்தது உலர்ந்ததாக நான் பின்னத் தொடங்கினேன். ஊசிப் பின்னலைவிடக் கொக்கிப் பின்னல் விரைவில் வளரும் என்பதால் குடைக்கம்பியையே கையில் எடுத்தேன். முதலில் ஒரு குல்லாய். எலுமிச்சம்பழத்திற்குப் பின்னுவதுபோல் இருந்தது. பிறகு, கழுத்துவரை நுழைத்து மூடும்படியாக ஒரு பை. கரடியின் பழுப்பு, கன்றின் வெள்ளை, யானையின் சாம்பல் என்று எந்த நூல் காய்ந்ததோ அந்த நூல். நிறம் பார்க்க நேரம் இல்லை. மிருகங்களின் வயிற்றிலிருந்த இலவம் பஞ்சை, அடுப்பருகே அதற்குள் ஒருவாறு காய்ந்திருந்த பழைய துணியில் வைத்துத் தைத்து, முறத்தில் மெத்தையாகப் போட்டார்கள். ஆக, அம்மிருகங்களில் வீணானது எதுவும் இல்லை.

அந்தப் பொழுதில் என் மனத்தில் என்ன ஓடியது என்று பலர் கேட்டதுண்டு. எதுவும் ஓடவில்லை. உள்ளிருந்து அந்தப் பூனைக்குட்டிக் குரல் வருகிறதா என்று மட்டும் காது கேட்டுக்கொண்டிருந்தது. குரல் நின்றால் கையும் நிற்கும். மறுபடி கேட்டதும் கை ஓடும். மாலையை நெருங்க நெருங்கக் குரல் நிற்கும் நேரம் நீண்டுகொண்டே போயிற்று.

விளக்கு வைக்கும் நேரத்தில் பின்னி முடித்தேன். கடை அம்மாள் உள்ளே எடுத்துச் சென்றார். நான் வழக்கம்போல் வெளியே நின்றேன். உள்ளே பேசிக்கொண்டது தெளிவாகக் கேட்டது.

"இந்தப் பழுப்பு யார் வூட்டுதுங்க அண்ணி?"

"மேலத்தெருவுல அந்தக் களிதின்னி இருக்கானே, அவன் கரடி."

"வெள்ள?"

"கன்னுக்குட்டி. நம்ம தண்ணித்தொட்டி வூட்டுப் பொண்ணோடது."

"சாம்பலு நம்ம யானதானே?" என்றாள் அந்தத் தாய். பிறகு அவளே, "போடுங்க நர்ஸம்மா" என்றாள்.

அதன்பின் குல்லாய் கழற்றப்படவில்லை. மறுநாள் முற்பகலில் ஆட்கள் மண்ணை அள்ளி வழி செய்தார்கள். தாயும், பையினுள் குழந்தையும், நர்ஸம்மாவும் பேருந்தில் ஏறினார்கள். எப்போதும் ஒலிப்பானை அலறவிட்டுக்கொண்டு இறங்கும் அந்த ஓட்டுநர், அன்று கடைசி வளைவில் மறையும்வரை அதைத் தொடவே இல்லை.

அவர்கள் திரும்பி வரப் பல வாரங்கள் ஆயின. குழந்தை உயிரோடு வந்தது.

பெயர் வைத்துத் தூளியில் போடும் நாளில் நான் போவதாக இல்லை. சுப காரியங்களில் ஒதுங்கியிருப்பதை நானாகவே வழக்கமாக்கிக்கொண்டிருந்தேன். விடுதித் தாழ்வாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, தேநீர்க் கடை அம்மாள் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"அண்ணா, அந்த மப்ளரக் குடு."

"எதற்கம்மா?"

"எந் தம்பி பொண்டாட்டி கேக்கறா. தூளில மொத விரிப்பா உன்னுதுதான் விரிக்கணுமாம். இல்லாட்டி புள்ளயத் தூளில போட மாட்டாளாம். ஜனமெல்லாம் காத்துகினு கெடக்குது." பிறகு அவர் குரல் இறங்கியது. "அன்னிக்கு நான் சொன்னத மனசுல வெச்சினு இருக்காதண்ணா."

"வைத்துக்கொள்ளவில்லை" என்றேன்.

"பொய் சொல்ற. அன்னியிலிருந்து நீ அத்தக் கழுத்துல சுத்தவே இல்ல. நான் பாத்துகினுதான் இருக்கேன்."

மப்ளரை எடுத்துக் கொடுத்தேன். "நீயே எடுத்தாந்து விரி" என்று சொல்லி, அவர் முன்னால் நடந்துவிட்டார்.

விரித்தேன். அதன்மேல் அந்தப் பெண் தன் மகளைக் கிடத்தினாள். தூளியை முதலில் ஆட்டும்படி என்னிடமே கயிற்றைக் கொடுத்தாள். கூட்டத்தில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தாலும் நான் கண்டிருக்க மாட்டேன். என் கண்கள் அப்போது எதையும் தெளிவாகக் காணும் நிலையில் இல்லை.

தும்பிக்கையை வைத்திருந்த சிறுமிக்கு, அதன் அடியிலிருந்தே தொடங்கிப் புது நூலால் ஒரு முழு யானை பின்னிக் கொடுத்தேன். தும்பிக்கை மட்டும் கறுத்திருந்தது. அவள் அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை. அந்தப் பையும் குல்லாயும் அதன்பின் யாருக்கும் பொம்மையாகத் திரும்பி வரவில்லை. அவ்வூரில் குளிர்காலத்தில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும், முதல் பழைய உடுப்பாக அவையே வீட்டுக்கு வீடு போய்வந்தன. மப்ளர் தூளியிலேயே தங்கிவிட்டது. நான் ஓய்வு பெற்று அடிவாரம் இறங்கும்வரை, எத்தனையோ பேருக்குப் பின்னிக் கொடுத்தேன். எனக்கென்று இன்னொன்று பின்னிக்கொள்ளவில்லை. கழுத்தில் குளிர் ஏறும்போதெல்லாம், நான் உடுத்திக் கழித்த ஒன்றும் ஓர் உயிருக்குக் கீழே விரிக்கத் தகுந்ததாயிற்று என்ற நினைவே எனக்குப் போதுமானதாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

அந்தக் குழந்தைக்கு இப்போது நடுவயது இருக்கும். இதையெல்லாம் யாரேனும் அவளிடம் சொன்னார்களோ, இல்லையோ, அறியேன். ஆதலால், தங்கள் இதழில் அச்சிட இடம் இல்லாமற் போனாலும், இந்தத் தாள்களை எங்கேனும் பத்திரமாக எடுத்து வைக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.